தொண்ணூற்றாறு மார்க் வாங்கிய ஜோதிமணி

ஓசூரில் காருக்கு ஒயர் கட்டும் ஒரு கம்பெனியில், போன கார்த்திகையில் திடீரென்று உடம்பின் மேல் அக்கறை வந்துவிட்டது. அக்கறை மேலிடத்துக்கு, உடம்பு தொழிலாளிகளுடையது. சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேச வேண்டாம் என்று உத்தரவு, ஏனென்றால் கேன்டீன் சாம்பாரில் தொடங்கினால் கூட்டம் முடியாது. ஆகவே இயற்கையோடு எவ்வளவு ஒட்டி வாழ்கிறீர்கள் என்று கேட்டு ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள்.

ஒயர் கட்டும் ஜோதிமணிக்கு, உத்தனப்பள்ளி மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஊர். முதல் ஷிப்டு பஸ் ஐந்தேகாலுக்கு மெயின் ரோட்டில்தான் நிற்கும். அதுவரை இருட்டில் தனியாக நடை. ராகி முற்றும் காலத்தில் சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் இறங்கி அவள் நடக்கும் அதே ரோட்டைத்தான் கடக்கும். பஸ்ஸை ஊருக்குள் விடச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. ஆறு வருஷத்தில் அவள் கம்பெனியிடம் கேட்டது அது ஒன்றுதான்.

படிவத்தை மறைக்காமல் நிரப்பினாள். சூரியனுக்கு முன்னால் எழுகிறீர்களா? மூன்றரைக்கு. நடைப்பயிற்சி உண்டா? போக வர ஆறு கிலோமீட்டர். பிராணிகளோடு நேரம் செலவிடுவதுண்டா? கறவை மாடு இரண்டு. செல்போனைத் தொடாமல் எவ்வளவு நேரம் இருப்பீர்கள்? எட்டு மணி நேரம், கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்களே. காட்டு விலங்குகளைப் பார்ப்பதுண்டா? 'ஆனை' என்று எழுதி, கொஞ்சம் யோசித்து, 'வாரத்துக்கு ரெண்டு தரம்' என்று சேர்த்தாள். இதைப் படித்தாவது யாருக்காவது உறைக்கட்டும் என்று நினைத்தாள். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று மட்டும் அந்தப் படிவம் கேட்கவில்லை.

நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வந்தது. கம்பெனியிலேயே அதுதான் முதல் மார்க். எச்.ஆர். மேனேஜர் ராஜ்குமாருக்கு முப்பத்தொரு மார்க். பெங்களூரில் பன்னிரண்டாவது மாடியில் குடியிருக்கும் மனிதர், பாவம், வேறென்ன வாங்குவார்?

ஜோதிமணியை மேடையேற்றிச் சால்வை போர்த்தி, 'நலவாழ்வுத் தூதர்' என்று பட்டம் கொடுத்தார்கள். "நாமெல்லாம் டிரெட்மில்லுல நடக்கிறோம், இவங்க ஆனையோட நடக்கிறாங்க" என்றார் ராஜ்குமார். கைதட்டல் பலமாக இருந்தது.

ஜோதிமணி மைக்கை வாங்கினாள். "ஆனையோட நடக்கலைங்க சார். ஆனைக்கு பயந்துக்கினு ஓடறேன். பஸ்ஸு ஊருக்குள்ள வந்தா போதுங்க."

அதற்கும் கைதட்டினார்கள். "சனிக்கிழமை உங்க ஊருக்கு பஸ் வரும்" என்றார் ராஜ்குமார். அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. அன்று மாடுகளிடம்கூடச் சொன்னாள்.

சொன்னபடி சனிக்கிழமை நாலரைக்கு பஸ் வந்தது. அவள் ஏறப் போனாள். உள்ளிருந்து ஒன்பது ஆபீசர்கள் இறங்கினார்கள். மெயின் ரோடு வரை இயற்கை நடையாம். வெறுங்காலில் மண்ணை மிதித்தால் ரத்த அழுத்தம் இறங்குமாம். தூதர் முன்னால் நடக்க வேண்டுமாம், காலி பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னால் வருமாம். ஆறு வருஷமாகக் கேட்ட பஸ் முதுகுக்குப் பின்னால் உறும, ஜோதிமணி நடந்தாள். அழுகை வந்தது. ஒன்பது பேர் செல்போனை நீட்டியிருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

முக்கால் கிலோமீட்டர் போவதற்குள் ராஜ்குமாரின் கால் எதிலோ புதைந்தது.

"மண்ணு சூடா இருக்கே" என்றார்.

"மண்ணு இல்லைங்க சார், ஆனை சாணி. சூடு ஆறலைன்னா பக்கத்துலதான் நிக்குது."

ஒன்பது பேரும் வெறுங்காலோடு பஸ்ஸுக்குள் பாய்ந்தார்கள். ரத்த அழுத்தம் எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று யாரும் அளக்கவில்லை. கடைசியாக ஏறியவள் ஜோதிமணி. போகட்டும், கண்ணால் பார்த்துவிட்டார்கள், இனி பஸ் வந்துவிடும் என்று படிக்கட்டில் நின்றபடி நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவள் மனுவுக்கு முதல்முறையாகப் பதில் வந்தது. நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டியிருந்தார்கள்: யானை நடமாட்டம் இருப்பதால், வாகனத்தின் பாதுகாப்பைக் கருதி, கம்பெனி பஸ் அந்த ஊருக்குள் செல்லாது.

அவள் நேரே ராஜ்குமாரின் அறைக்குப் போனாள்.

"பஸ்ஸுக்கு ஆபத்துன்னு போட்டிருக்கீங்க சார். அப்ப நானு?"

"உங்களுக்குப் பழக்கம்தானேம்மா" என்றார் அவர், அன்பாகத்தான்.

ஜோதிமணிக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"அந்த பஸ்ஸு எத்தன டன்னு இருக்கும் சார்?"

"பத்து இருக்கும். ஏன்?"

"நான் நாப்பத்தாறு கிலோங்க."

ராஜ்குமார் மேஜையில் எதையோ தேட ஆரம்பித்தார். அவர் தேடி முடிக்கும் வரை அவள் அங்கேயே நின்றாள்.