கட்டத்துக்குள் மீன்

பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் நிரப்பிக் கொடுத்த குடிப்பழக்க ஆய்வுப் படிவங்களைக் கணினியில் ஏற்றுவதுதான் அவள் வேலை. படிவத்தில் பெயர் இருக்காது. ஆறு வருடமாக இதையே செய்து செய்து, 'ஆமாவா, இல்லையா' என்பது நாக்கில் ஒட்டிப்போய்விட்டது. வீட்டிலும் அதே பாட்டுதான். "சாப்டியா? ஆமாவா, இல்லையா?" என்பாள். மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

அன்று மதியம் கைக்கு வந்த படிவத்தில், டிக் அடிக்க வேண்டிய கட்டங்களிலெல்லாம் குட்டிக் குட்டி மீன்கள். வீட்டில் சாமான் பட்டியலில், வாங்கியாயிற்று என்பதற்கு மகள் போடுகிற அதே மீன்.

கடந்த முப்பது நாளில் மது குடித்ததுண்டா? ஆமாம், ஒரு முறை. பதினாறு வயசுக்கு இது ஒரு கேடா என்று கொதிப்பதற்குள் கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது. மனம்விட்டுப் பேச வீட்டில் பெரியவர் யாராவது உண்டா? இல்லை. அங்கேயும் ஒரு மீன். குடித்ததையாவது தாங்கிக்கொண்டாள், இதைத் தாங்க முடியவில்லை.

யாருடையது என்று தெரிந்துவிட்டால் அந்தப் படிவத்தைத் தொடக் கூடாது, வெளியே மூச்சும் விடக் கூடாது. அலுவலகத்தில் அதுதான் விதி. பக்கத்து மேஜைக்குத் தள்ளினாள்.

"இத நீங்க ஏத்திடுங்கக்கா."

"ஏன், தெரிஞ்ச புள்ளையா?"

"அதையும் கேக்கக் கூடாதுக்கா."

பேருந்தில் வீடு வரும்வரை மண்டையைக் குடைந்துகொண்டாள். எப்படிக் கேட்டாலும் படிவத்தைப் பார்த்தது தெரிந்துவிடும். யாருக்கும் தெரியாது என்று நம்பி எழுதிய பிள்ளை, அப்புறம் ஜென்மத்துக்கும் வாய் திறக்காது.

மகள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இவளும் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்தாள். தொண்டை வரை வந்த கேள்வியை விழுங்கினாள்.

"உன் வயசுல நான் ஒரு தடவ குடிச்சிருக்கேன்டி. சித்தப்பா ஒளிச்சு வச்ச பாட்டில். குடிச்சிட்டு அவரு செருப்பு மேலயே வாந்தி எடுத்தேன்."

மகளின் கை நின்றது. "நீயா? வீட்ல சொன்னியா?"

"எங்க சொல்ல? கேள்வி கேட்டே கொன்னுருப்பாங்க."

மகள் சிரித்துவிட்டாள். பிறகு போர்வையின் ஒரு முனையை அம்மாவிடம் நீட்டினாள். இருவரும் இழுத்துப் பிடித்து மடித்தார்கள்.

"அம்மா, நானும் ஒண்ணு சொல்லணும். முடிக்கிற வரைக்கும் நீ ஒரு கேள்வியும் கேக்க மாட்ட. ஆமாவா, இல்லையா?"

"ஆமா," என்றாள். மடித்த போர்வையை மடியில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.