திறந்து பார்க்காத எஞ்சின்

தண்ணீர் வற்றிப் போனதைக் கவனிக்காமல் காரை ஓட்டியது பிரகாஸின் பிழைதான். அதை அவன் யாரிடமும் ஒளிக்கவில்லை. சுன்னாகம் தாண்டியதும் கார் புகைந்து நின்றது. பின்னால் இருந்த தாதிமார் நாலு பேரும் இறங்கி, வேலைக்குப் பிந்துகிறதே என்று முறுமுறுத்தபடி தெல்லிப்பழை பஸ்ஸுக்குக் கை காட்டினார்கள்.

கராஜ்கார வாகீசன் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். எஞ்சின் இறுகிவிட்டது. திருத்துவது வீண்வேலை, ஜப்பானில் கழற்றி இங்கே இறக்குகிற பழைய எஞ்சின் ஒன்றை எடுத்துப் பூட்டத்தான் வேண்டும் என்றான்.

குருநகரில் பிரகாஸின் வீட்டு அடுப்பு எரிவதே அந்தத் தாதிமாரால்தான். மாதக் கணக்கில் அவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்குகிறான். மூத்தவரான ரஞ்சினி மிஸ், "திங்கட்கிழமை கார் வராட்டி நாங்கள் வேறை ஆளைப் பிடிப்பம். குறை நினைக்காதையும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்த ஹயர் ஓட்டம் போனால் பிரகாஸுக்கு மனைவியின் தம்பி ஜெனிஸின் மீன்பிடி வள்ளத்தில் கூலிக்கு ஏறுவதுதான் மிச்சம். கடலை விட்டு அவன் கார் வாங்கிய அன்று, "துரைக்கு இனி மீன் மணக்காது" என்று சந்தியில் நின்று சிரித்தவன் இந்த ஜெனிஸ். அவனிடம் போய்த் தலை சொறிவதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்றுதான் பிரகாஸ் நினைத்திருந்தான்.

"அடைக்கலநாதன் அண்ணை இருக்கேக்கை ஏன் கண்ட இடமெல்லாம் எஞ்சின் தேடித் திரியிறியள்?" என்றாள் மனைவி லவீனா.

அடைக்கலநாதன் அவர்களுடைய மகள் றொசாந்தியை ஞானஸ்நானத்தில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன். அச்சுவேலிப் பக்கம் பழைய எஞ்சின் விற்கிற பெரிய கொட்டில் அவருடையது. கோயில் பெருநாள் வந்தால் முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு நிற்கிறவர். அப்படிப்பட்டவர் ஞானத்தகப்பனாக நின்றதே பெரிய காரியம் என்று லவீனாவுக்கு நினைப்பு. பிரகாஸுக்கும் அதுதான் நினைப்பு.

சனிக்கிழமை வாகீசனையும் கூட்டிக்கொண்டு போனான். தகரக் கூரையின் கீழ் எஞ்சின்கள் பழைய ரயர்களின் மேல் வரிசையாகக் குந்தியிருந்தன. வாகீசன் ஒவ்வொன்றாகக் குனிந்து, பக்கவாட்டில் வெட்டியிருந்த எழுத்தையும் நம்பரையும் துணியால் துடைத்துப் பார்த்தான். ஒரே முகமுள்ள காருக்கு இரண்டு மூன்று விதமான எஞ்சின் வந்திருக்கிறதாம். எழுத்துப் பிழைத்தால் எஞ்சின் காருக்குள் பொருந்தாதாம். அவ்வளவு குவியலிலும் இரண்டுதான் தேறின. ஒன்று கறள் பிடித்து, எவ்வளவு முறுக்கியும் சுழலவில்லை. மற்றது கழுவி, வெள்ளிப் பெயின்ற் அடித்துப் பளபளவென்று இருந்தது.

"குளிச்சு வெளிக்கிட்டு நிக்கிற ஆளிலைதான் எனக்குச் சந்தேகம்" என்றான் வாகீசன். "மேல்மூடியைக் கழட்டிப் பாப்பம். உள்ளுக்கை ஒயில் எரிஞ்சு கட்டியாயிருந்தால் உடனை தெரியும்."

அவன் ஸ்பானரை எடுக்கவும் அடைக்கலநாதன் சோடாப் போத்தல்களோடு வரவும் சரியாக இருந்தது.

"என்ரை பிள்ளை என்னெண்டு இருக்கிறாள்? இந்த வரியம் கோயிலிலை முதல்நன்மை வாங்கிறாள் எல்லே?" என்று கேட்டவர், ஸ்பானரைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

பிரகாஸுக்குக் காது சுட்டது. ஞானத்தகப்பன் கொடுக்கிற மீனைச் செவுள் தூக்கிப் பார்க்கிற வழக்கம் அவன் பிறந்த வீட்டிலும் இல்லை, கட்டிய வீட்டிலும் இல்லை. எட்டி வாகீசனின் கையிலிருந்து ஸ்பானரைப் பறித்தான்.

"விடும். அண்ணையின்ரை சாமானைத் திறந்து பாக்கிறதோ?"

"பூட்டுறது நான். பிறகு என்னை ஏசக்கூடாது" என்று வாகீசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடைக்கலநாதன் சிரித்தபடி சோடாவை நீட்டினார். பிரகாஸும் மடையன்போலச் சிரித்தான்.

கையிலிருந்த காசை எண்ணிக் கொடுத்து அந்த எஞ்சினை ஏற்றி வந்து, வாகீசன் ஞாயிறு முழுக்க நின்று பூட்ட, திங்கட்கிழமை கார் ஓடியது. தாதிமார் பின்சீற்றில் கதைத்துச் சிரித்தார்கள். கிழமை முடியுமுன்னமே நீலப்புகை வரத் தொடங்கியது. ஊற்றுகிற ஒயில் எங்கே போகிறதென்று தெரியவில்லை. மல்லாகத்தில் ஒரு நாள் உள்ளே கடகடவென்று அடித்துக்கொண்டு எஞ்சின் நின்றது. இந்த முறை தாதிமார் முறுமுறுக்கவில்லை. ரஞ்சினி மிஸ் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிப் போனார். பின்னேரம் அவரே ஃபோன் எடுத்து, வேறு கார் பிடித்துவிட்டதாகச் சொன்னார்.

வாகீசன் மேல்மூடியைக் கழற்றினான். உள்ளே தார் உருக்கி ஊற்றியதுபோலக் கட்டிக் கறுப்பு.

பிரகாஸ் பஸ் பிடித்துக் கொட்டிலுக்குப் போனான். அங்கே கொடிகாமத்திலிருந்து வந்த யாரோ ஒருவர் ஓர் எஞ்சினைத் திறந்து வைத்துக் குனிந்திருந்தார். அடைக்கலநாதன் தானே பக்கத்தில் நின்று ரோச் லைற் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பாருங்கோ தம்பி. பாத்து எடுத்தால் ரண்டு பேருக்கும் வில்லங்கமில்லை."

பிரகாஸ் அந்த ஆள் போகும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னான்.

"ஏன், நீ திறந்து பாக்கேல்லையோ?" என்றார் அடைக்கலநாதன்.

"உங்கடை சாமான் எண்டு..."

"நான் பாக்க வேண்டாமெண்டு சொன்னனானோ? வாறவை எல்லாரும் திறந்துதான் பாக்கினம். அண்டைக்கு ஸ்பானரைப் பறிச்சது நீதானே?"

"அது இப்பிடியெண்டு உங்களுக்கு முன்னமே தெரியுமோ அண்ணை?"

அடைக்கலநாதன் ரோச் லைற்றை அணைத்துச் சட்டைப் பையில் வைத்தார். "பழைய சாமான். அது உப்பிடித்தான்" என்றார். பிறகு குரல் கனிந்து, "பிள்ளையின்ரை முதல்நன்மைச் சட்டை என்ரை பொறுப்பு. வேறை ஆரிட்டையும் வாங்கிப்போடாதை" என்றார்.

நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கக் கேட்கத்தான் பிரகாஸ் வந்தான். ஆனால் அவன் வாய், "ஓம் அண்ணை" என்றது. அந்த வாயை அவன் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வெறுத்தான்.

வீட்டு வாசலிலேயே லவீனா மறித்தாள். "அண்ணை என்ன சொன்னவர்?"

"முதல்நன்மைச் சட்டை தாறாராம்."

அவள் முகம் மலர்ந்தது. "பாத்தியளே! அவர் எங்களைக் கைவிடமாட்டார் எண்டு நான் சொன்னனான்."

"ஓம்" என்றான் பிரகாஸ். "உன்ரை தம்பிக்கு ஃபோன் எடுத்துச் சொல்லு. நாளைக்கு வள்ளத்துக்கு நான் வாறன்."