சத்தமில்லாத வண்டி

ஆஸ்பத்திரியிலிருந்து வாராவாரம் வரும் பச்சைச்சட்டை அக்கா பெரியப்பாவின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பின்னும் அந்த இடத்தில் குழி அப்படியே நின்றது, பிசைந்த மாவில் யாரோ குத்திவிட்டுப் போனதுபோல. கால்மாட்டில் துண்டோடு நின்றவள் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீக்கிரம் மேலே வா என்று ஒரு மனம் கெஞ்சியது. அப்படியே கிட என்று இன்னொரு மனம் பல்லைக் கடித்தது. அவளுக்குப் பதினாறு வயது. கொஞ்ச நாளாக அவளுக்குள் இரண்டு பேர் குடியிருந்தார்கள். ஒருத்தி செய்வாள், மற்றவள் பயப்படுவாள்.

“ஐயா, நல்லா ஊதியிருக்கீங்க. எத்தனை தலகாணி வெச்சுப் படுக்கிறீங்க இப்போ?”

“ரெண்டு.”

“மூணு,” என்றாள் அம்மா கதவோரத்திலிருந்து.

பெரியப்பா கழுத்தைத் திருப்பி அம்மாவைப் பார்த்தார். “இவ... பெரிய டாக்டரு. மூணாவது... சும்மா... கைக்கு அண்டக் குடுக்க.”

“கைக்கு வெச்சது தலைக்கு ஏறினா எனக்குச் சொல்லணும் ஐயா. நான் என்ன, உங்க தலகாணியைத் தூக்கிட்டா போகப்போறேன்?” அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் எடை பார்க்கும் கருவியைத் தரையில் வைத்து அவரைத் தாங்கி ஏற்றியபோது சிரிப்பு போய்விட்டது. முள்ளை ஒருமுறைக்கு இருமுறை குனிந்து பார்த்தாள்.

போன மழைக்காலத்தில் பெரியப்பாவின் இதயம் பாதி வேலைதான் செய்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வாராவாரம் வீட்டுக்கே ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். ஆம்புலன்ஸில் ஓடிக்கொண்டிருந்தவர்களையே இதற்குத் தனியாகப் பழக்கி அனுப்புகிறார்களாம். நோயாளியை அள்ளிப்போட்டுக்கொண்டு பறக்கிற நிலைமை வராமல் பார்த்துக்கொள்வதுதான் இவர்கள் வேலை. ‘ஆம்புலன்ஸ்’ என்ற வார்த்தையைக் கேட்டதுமே பெரியப்பா கையை உதறினார். “என் வாசல்ல அது வந்து நிக்கக் கூடாது.” அவர்கள் பொறுமையாக விளக்கினார்கள். சின்ன வெள்ளைக் கார். சைரன் கிடையாது. மேலே சுழலும் விளக்கு கிடையாது. யாரோ உறவுக்காரப் பெண் வந்து போகிற மாதிரி இருக்கும். “அப்படின்னா வரட்டும்,” என்றார்.

அதை அவர் சொன்னபோது அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அன்றைக்குத்தான் அவளுக்குள் அந்தச் செய்கிறவள் வந்து உட்கார்ந்தாள்.

ஏனென்றால் தம்பிக்கு இழுப்பு வந்த சாயங்காலமும் பெரியப்பா இதையேதான் சொன்னார். அப்பா போன பிறகு இவர் வீட்டின் பின்னறையில்தான் அவர்கள் மூன்று பேருக்கும் இடம். செத்த தன் தம்பியின் பெண்டாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் சோறு போடுகிறேன் என்று தெரு முழுக்கத் தெரியும்படி போட்டார். அன்று முன்னறையில் வியாபாரிகள் சங்கத்து ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவரைத் தலைவராக்குவது பற்றிப் பேச்சு. பின்னறையில் தம்பியின் விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வந்தன. உறிஞ்சும் மருந்து தீர்ந்து டப்பா காற்றை மட்டும் துப்பியது. அம்மா போய்க் காதருகே குனிந்து சொன்னாள். பெரியப்பா அவள் கையிலிருந்த போனை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “வாசல்ல ஆம்புலன்ஸ் வந்து ஊளையிட்டா இவங்க என்ன நினைப்பாங்க? இவங்க போகட்டும். நானே கார்ல கூட்டிட்டுப் போறேன். அதுக்குள்ள இன்னொரு சுத்து டீ போடு.”

அம்மா டீ போட்டாள். அவள் ஆற்றிய சத்தமும் தம்பி இழுத்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. கார் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது தம்பியிடமிருந்து எந்தச் சத்தமும் இல்லை.

அதற்குப் பிறகு அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் வெளியே தெரிந்தது. இவள்தான் உள்ளுக்குள் கருகினாள். பெரியப்பாவின் செருப்பைப் பார்த்தால்கூட மிதிக்கத் தோன்றும். ஆனால் என்ன செய்துவிட முடியும்? அவருடைய மின்விசிறிக்குக் கீழேதான் பாடம் படிக்க வேண்டும்.

வழியைக் காட்டியது பச்சைச்சட்டை அக்காதான், தெரியாமல். முதல் வாரமே அவளைச் சமையலறைக்கு அழைத்து உப்பு டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். “பாப்பா, இங்க பாரு. இவருக்கு எமன் வெளியிலிருந்து வரமாட்டான். இதுக்குள்ளதான் உக்காந்திருக்கான். உப்பு உள்ள போச்சுன்னா தண்ணி தேங்கும். தண்ணி தேங்கினா மூச்சு முட்டும்.”

மூச்சு முட்டும். அந்த இரண்டு வார்த்தையை அவள் மிட்டாய்போல நாக்குக்கடியில் வைத்துக்கொண்டாள்.

பெரியப்பாவுக்குத் தனிப் பாத்திரத்தில் உப்பில்லாத காய்கறி சூப்பு. அதைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுபோவது அவள் வேலை. சமையலறைக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு வளைவு உண்டு, அங்கே யார் கண்ணும் படாது. உள்ளங்கையில் மறைத்த உப்புப் பொட்டலத்தைக் கவிழ்த்து விரலாலேயே கலக்குவாள். முதல் நாள் கிண்ணத்தை நீட்டிவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாயில் வைத்ததும் துப்புவார், கையும் களவுமாக மாட்டப்போகிறோம் என்று நினைத்தாள். அவர் கண்ணை மூடிச் சப்புக்கொட்டினார். “இன்னிக்குத்தான் மனுஷன் சாப்பிடுற மாதிரி இருக்கு. சொன்னாத்தானே உங்களுக்கு உறைக்குது.” உப்பில்லை என்று தான் போட்ட அதட்டலுக்கு வீடு பணிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அவரிடமிருந்து அவள் வாங்கிய முதல் பாராட்டு அது. அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்றை அழுதாள்.

பிறகு பயம் வந்தது. ரத்தத்தில் உப்பு எவ்வளவு, யார் போட்டது என்றெல்லாம் கண்டுபிடிப்பார்களா? போனில் தேடிப் பார்த்தாள். தேடியதை அழித்தாள். அழித்ததைக் கண்டுபிடிப்பார்களா என்று மறுபடி தேடினாள். ஒவ்வொரு வாரமும் வெள்ளைக் கார் வாசலில் நிற்கும்போது நிறுத்திவிடலாம் என்று தோன்றும். கார் போனதும் தம்பியின் விலா எலும்புகள் ஞாபகத்துக்கு வரும்.

இன்றைக்கு எடை முள் போன இடம் அவளையே உலுக்கிவிட்டது. நான் போட்டது அவ்வளவு இல்லையே, என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். பெரியப்பாவின் உதடு ஓரங்களில் நீலம் தட்டியிருந்தது. ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்துத்தான் பேசினார்.

“சமையலறையைக் கொஞ்சம் பாக்கலாமா?” என்று கேட்டுக்கொண்டே அக்கா போய்விட்டாள். அதுவும் அவள் வேலைதான். குளிர்பெட்டியைத் திறப்பாள், டப்பாக்களைத் தட்டுவாள். இவள் அக்காவின் பின்னாலேயே ஓடினாள். ஓடும்போதே ஒரு நிம்மதி. பாத்திரத்தில் ஒன்றும் இல்லை. கிண்ணத்தில்தானே போடுகிறேன். பாத்திரம் சுத்தம். பார்த்துக்கொள்ளட்டும்.

அக்கா பெரியப்பாவின் பாத்திரத்தைத் திறந்து, கரண்டியால் துளி எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினாள். முகம் சுருங்கியது. தொட்டியில் துப்பினாள். “அம்மா! யாரு சமைச்சது இது? கடல்தண்ணி மாதிரி இருக்கு.”

அவள், கூடவே வந்து நின்ற அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. அடுப்பு மேடையில் இல்லாத அழுக்கை ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கை ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

“நான்தான்,” என்றாள் அம்மா.

 இந்தப் பேசாத அம்மாவா? எத்தனை நாளாக? ஒரே கிண்ணத்தில் இரண்டு கை விழுந்திருக்கிறது, ஒரு கைக்கு இன்னொரு கை தெரியாமல்.

“உப்பு கூடவே கூடாதுன்னு எத்தனை தடவை...”

“அவருதான் கேட்டாரு.”

உள்ளேயிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. “ஆமா! நான்தான்... போடச் சொன்னேன். இந்த வீட்டுல... நான் சொல்லாம... ஒரு கல்லு உப்பு... விழுந்திருமா?”

அந்தக் கடைசி வார்த்தையோடு இருமல் பிடித்துக்கொண்டது. அது நிற்கவில்லை. அக்கா ஓடினாள். பெரியப்பா கட்டிலின் விளிம்பைப் பிடித்து முன்னால் சாய்ந்திருந்தார், வாய் திறந்து திறந்து மூடியது, நெஞ்சுக்குள் கொதிக்கிற பாத்திரத்தின் சத்தம். அக்கா முகமூடியை மாட்டி ஆக்சிஜனைத் திறந்தாள். ஒரு கையால் அவர் முதுகைத் தாங்கி, மறு கையால் ஊசி மருந்தை எடுத்தாள்.

“ஐயா, வண்டி வரணும். பெரிய வண்டி.”

தலை வேகமாக ஆடியது. வேண்டாம்.

“பிடிவாதம் பண்ணாதீங்க. இது என் கார்ல வெச்சுக் கொண்டுபோற விஷயம் இல்ல.”

மறுபடியும் ஆடியது. கொஞ்ச நேரம்தான். அப்புறம் பயம் அவர் கண்ணுக்கே வந்துவிட்டது. அந்தக் கண்ணை அவள் முன்பு வேறொரு முகத்தில் பார்த்திருக்கிறாள்.

“பாப்பா, என் கை ரெண்டும் மாட்டியிருக்கு. என் போனை எடு, முதல் நம்பர். முகவரி சொல்லு, சீக்கிரம்!”

அவள் போனை எடுத்தாள். பெரியப்பாவின் கை நீண்டு வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. முகமூடிக்குள்ளிருந்து ஆவியோடு வார்த்தைகள் வந்தன. “பாப்பா... பின்பக்கமா... வரச் சொல்லு. சத்தம்... வேணாம்னு... சொல்லும்மா.” இத்தனை வருஷத்தில் அவர் அவளை ‘ஏய்’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

“கட்டுப்பாட்டு அறை. சொல்லுங்க, எந்த முகவரி?” என்றது போன்.

அவள் போனைக் காதோடு அழுத்தினாள். கதவிலக்கத்தை ஒன்று மாற்றிச் சொன்னால் போதும். தெருவை மாற்றிச் சொன்னால் போதும். பதற்றத்தில் சின்னப்பெண் உளறிவிட்டாள் என்பார்கள். பாவம் என்பார்கள். அம்மா வாசற்கதவருகே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். செய் என்றோ வேண்டாம் என்றோ அந்த முகம் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் நின்றது.

“ஹலோ? லைன்ல இருக்கீங்களா?”

அவள் தன் மணிக்கட்டிலிருந்து பெரியப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிறகு முகவரியைச் சொன்னாள். கதவிலக்கம், தெரு, எந்தப் பெட்டிக்கடைக்கு அடுத்த வீடு, எல்லாம் சரியாக.

“வழியில நெரிசல் இருக்குமா?”

“இருக்கும்,” என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை, அவ்வளவு தெளிவாக இருந்தது. “முன்வாசலுக்கு வரணும். சைரன் போட்டுக்கிட்டு வாங்க. தெருவுக்குள்ள வந்தப்புறமும் நிறுத்திடாதீங்க.”

அக்கா ஊசியிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பவள்போல இருந்தது முகம். “உப்பு விஷயம் அப்புறம் பேசுவோம்,” என்றாள் மெதுவாக. “கண்டிப்பா பேசுவோம்.” பிறகு நோயாளியிடம் திரும்பிவிட்டாள்.

அம்மா வாசற்கதவின் தாழ்ப்பாளை விடுவித்து, வழக்கமாகத் திறக்காத இரண்டாவது கதவையும் முழுக்கத் திறந்து வைத்தாள். செருப்பு அடுக்கைத் தள்ளி வழி செய்தாள். சாயங்கால வெளிச்சம் கட்டில்வரை வந்து விழுந்தது.

சத்தம் தூரத்தில் ஆரம்பித்தது. பெரியப்பா அதைக் கேட்டுவிட்டார். அது நெருங்க நெருங்க அவர் உடம்பு கட்டிலுக்குள் புதைந்தது. தெரு அதிரும்படி வந்து வாசலில் நின்றது. கடைக்காரர் கல்லாவை விட்டு இறங்கினார். எதிர்வீட்டில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சங்கத்து ஆள் ஒருவர் ஸ்கூட்டரை ஓரம்கட்டி, “தலைவருக்கு என்னாச்சு?” என்று எட்டிப் பார்த்தார்.

தள்ளுகட்டிலில் ஏற்றிப் பட்டையை மாட்டினார்கள். வாசற்படியைத் தாண்டும்போது பெரியப்பா போர்வையை இழுத்து இழுத்து முகத்துக்கு மேலே கொண்டுவந்தார். பக்கத்தில் நடந்தவள் அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அவர் மறுபடி இழுத்தார். அவள் மறுபடி இறக்கி, தாடைக்குக் கீழே இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். 

“முகத்தை மூடாதீங்க பெரியப்பா,” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. “மூச்சு முட்டும்.”

வண்டியின் மேலே சுழன்ற சிவப்பு வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. எதிர்வீட்டு மாடியில் நின்றவர்கள்மேல் ஓடியது, ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடியும் அவர் முகத்துக்கே வந்தது.