ஒரு பக்கம் சப்பையான டப்பா

நம் ஊரில் ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், அதை வைத்திருப்பவரிடம் மட்டும் கேட்கக் கூடாது. வந்தவள் முகம் வாடிவிடக் கூடாதே என்று “நல்லா இருக்குது” என்று சொல்லி, கூடவே ஒரு டம்ளர் காபியும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இருபது வீட்டில் இருபது காபி குடித்து வயிறு எரிந்த பிறகுதான் கலைப்பிரியாவுக்கு இது உறைத்தது.

அவள் திண்டிவனத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் அச்சு வரைகிறவள். ஒன்பது வருடமாக வரைகிறாள், பேர்தான் டிசைனர். வாளி, மக்கு, சோப்பு டப்பா என்று எவனோ செய்த சாமானை முதலாளி அப்பாதுரை மேசைமேல் கொண்டுவந்து வைப்பார். இவள் அளந்து அப்படியே வரைந்து கொடுப்பாள். சொந்தமாக ஒரு மூடிகூட வரைந்ததில்லை. அப்படி இருக்கும்போதுதான் விழுப்புரத்தில் காபித்தூள் கடை வைத்திருக்கும் தர்மேஷ் வந்தார். பொங்கலுக்கு அரைக் கிலோ தூள் வாங்குகிறவர்களுக்கு அவர் கடை பேர் போட்ட டப்பா ஒன்று இலவசம். கையில் வழுக்காமல் பிடிக்க வசதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

“நானே வரையறேன் சார்” என்று கலைப்பிரியா முந்திக்கொண்டாள்.

“வரைம்மா, வேணான்னு சொல்லல” என்றார் அப்பாதுரை. “ஆனா ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை இரும்புல மோல்டு வெட்ட அனுப்பணும். அதுக்குள்ள சரிவரலன்னா நம்மகிட்ட இருக்கிற ஊறுகா டப்பாவையே அடிச்சி, ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்துடலாம்.”

ஊறுகாய் டப்பாவில் ஸ்டிக்கர். அதைக் கேட்டதுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடுப்பு சிறுத்து, இரண்டு பக்கமும் விரல் பதியப் பள்ளம் வைத்து, பள்ளத்தில் மெல்லிய வரிகள் ஓடவிட்டு ஒரு டப்பா வரைந்தாள். அலுமினியத்தில் தற்காலிகமாக அச்சு செய்து இருபது டப்பா எடுத்து, தர்மேஷின் வாடிக்கையாளர் வீடுகளில் கொடுத்துவிட்டு வந்தாள். நான்கு நாள் கழித்துப் போய்க் கேட்டாள். இருபது பேரும் நல்லா இருக்குது என்றார்கள்.

அவள்தான் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரம் யாருக்கும் சொல்லாமல் கொள்ளாமல் மறுபடியும் போனாள். சாலாமேட்டில் நுழைந்த முதல் வீட்டிலேயே டப்பா ஷோகேஸில் இருந்தது, கல்யாண போட்டோவுக்கும் பிள்ளை வாங்கிய கோப்பைக்கும் நடுவில். அடுத்த வீட்டிலும் அப்படியே. “இவ்ளோ அழகா இருக்குது, அடுப்பாண்ட வெச்சிப் பாழ் பண்ணுவாங்களா?” என்று கேட்டார்கள். பதினேழு வீட்டில் இதே கதை. இரண்டு வீட்டில் காபித்தூளுக்குப் பதில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டு வைத்திருந்தார்கள். அவளுக்குத் தெருவிலேயே அழுகை வந்தது. அழுதுகொண்டு நின்றால் ஊறுகாய் டப்பா ஜெயித்துவிடும் என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு வளவனூர் பஸ் ஏறினாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள்.

பாக்கி இருந்தது தையல்நாயகி வீடு. இரண்டு கறவை மாடும் ஒரு ஏக்கர் கரும்பும் வைத்துக்கொண்டு ஓயாமல் ஓடுகிற பெண். டப்பா, சுற்றிய கவரோடு ஃபிரிட்ஜ் மேல் இருந்தது.

“உக்காரும்மா, காபி போட்டுக்கினு வர்றேன்” என்றாள் தையல்நாயகி.

இந்தத் தடவை கலைப்பிரியா உட்காரவில்லை. பின்னாலேயே சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள்.

பால் பொங்கி வந்தது. தையல்நாயகி இடது கையில் பிடிதுணியோடு பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்தாள். வலது கையால் அடுப்போரம் காபித்தூள் போட்டு வைத்திருந்த பழைய சத்துமாவு டப்பாவை இழுத்து, மேடை விளிம்புக்கும் தன் வயிற்றுக்கும் நடுவில் வைத்து அழுத்தி, ஒரே திருகில் திறந்தாள். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. அந்த டப்பா பார்க்கச் சகிக்காது. என்றோ அடுப்புச் சூடு பட்டு ஒரு பக்கம் உருகி, சப்பையாகிப் போயிருந்தது.

“ஏங்க்கா இத்தத் தூக்கிப் போடல?”

“அஞ்சாறு வருசமா இருக்குதும்மா. உருகினதுல இருந்துதான் நல்லா அமைஞ்சிப்போச்சி.”

கலைப்பிரியா ஃபிரிட்ஜ் மேலிருந்த தன் டப்பாவை எடுத்துக் கவரைக் கிழித்தாள். “இப்ப இத்தத் தொறங்கக்கா. பால் புடிச்சிருக்கிற கைய எடுக்காதீங்க.”

தையல்நாயகி வயிற்றோடு வைத்து அழுத்தித் திருகினாள். மூடியோடு டப்பாவும் சேர்ந்து சுற்றியது. மறுபடி திருகினாள், மறுபடி சுற்றியது. அவள் சங்கடத்தோடு சிரித்தாள். “டப்பா நல்லாத்தாம்மா இருக்குது. எனக்குத்தான் ஒரு கை பத்தல.”

திரும்பி வரும் பஸ்ஸில் கலைப்பிரியா தன்னைத் தானே திட்டிக்கொண்டே வந்தாள். குளிர்சாதன அறையில், மேசைமேல் இரண்டு கையையும் சும்மா வைத்துக்கொண்டு வரைந்த டப்பா அது. எந்த வீட்டு அடுப்படியில் இரண்டு கை சும்மா இருக்கிறது? ஒரு கையில் பால், இல்லை குழந்தை, இல்லை போன். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா, அவள் வீட்டிலும்தான் அடுப்பு இருக்கிறது. ஆனால் அவள் வீட்டில் காபி போடுவது அவள் கணவன்.

மறுநாள் தன் டப்பா ஒன்றைச் சூடான காற்றால் வாட்டி, பலகைமேல் வைத்து அழுத்தினாள். முதுகுப் பக்கம் சப்பையாகி, மேசை விளிம்போடு வைத்து அழுத்தினால் சுற்றாமல் நின்றது. பள்ளத்தையும் வரிகளையும் எடுத்துவிட்டு, சப்பை முதுகோடு புதிதாக வரைந்தாள். அவள் வாட்டி அழுத்திய டப்பாவை அப்பாதுரை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, லாரி ஏறி எறங்கினாப்புல? இத்த நான் அந்த ஆளுகிட்ட எப்படிக் காட்டறது?”

“நான் காட்டறேன் சார். அவரு வேணான்னு சொன்னா, ஊறுகா டப்பாவுக்கு நானே ஸ்டிக்கர் ஒட்டறேன்.”

வெள்ளிக்கிழமை சாயந்திரம் இருவரும் விழுப்புரம் கடையில் இருந்தார்கள். தர்மேஷ் செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம், இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடுகிறவர். “ஜல்தி சொல்லும்மா, பொழுது எறங்குது” என்று அவசரப்படுத்தினார். மாதிரியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

“அடிபட்ட டப்பாவ யாரு வாங்குவாங்க? பழைய டிசைனே இருக்கட்டும். எல்லாரும் ஷோகேஸ்ல வெச்சிருக்காங்கன்னு நீயே சொன்ன. கடைக்கு அதவிட வெளம்பரம் இருக்குதா?”

“ஷோகேஸ்ல இருந்தா தூள் தீராது சார்” என்றாள் கலைப்பிரியா. “அடுப்பாண்ட இருந்தாதான் தெனம் தொறப்பாங்க. தீந்தாதான் உங்க கடைக்குத் திரும்பி வருவாங்க.”

கல்லாவில் தர்மேஷின் மனைவி சாந்திமதி போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கலைப்பிரியா தான் முதலில் வரைந்த டப்பாவை அவர் முன்னால் வைத்து, “கொஞ்சம் தொறந்து குடுங்கம்மா” என்றாள். சாந்திமதி போனைத் தோளில் இடுக்கி, கழுத்து நோக, இரண்டு கையாலும் திறந்து கொடுத்தார். கலைப்பிரியா சப்பை டப்பாவை வைத்தாள். சாந்திமதி போனைக் கையில் பிடித்தபடியே அதைக் கல்லா மேசையோடு வயிற்றால் அழுத்தித் திருகி, திறந்து நீட்டினார். பேச்சை நிறுத்தவுமில்லை, டப்பாவைப் பார்க்கவுமில்லை.

தர்மேஷ் தானே ஒரு தடவை திறந்து பார்த்தார். அப்புறம் இன்னொரு தடவை. “வெட்டச் சொல்லுங்க அப்பாதுரை” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மாசி மாதத்தில் ஒருநாள் கலைப்பிரியா வளவனூர் போனாள். புது டப்பா அடுப்பை ஒட்டி இருந்தது. பால் சிந்தி, மஞ்சள் கறை பிடித்து, கடை பேர் பாதி அழிந்து கிடந்தது.

“எப்படிக்கா இருக்குது?” என்று கேட்டாள்.

நல்லா இருக்குது என்று தையல்நாயகி சொல்லவில்லை. டப்பாவை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு முறைத்தாள்.

“மூடிய இன்னா நெனச்சிக்கினு செஞ்ச நீ? தூள் திருகுல பூந்துக்கினு நறநறன்னு இருக்குது. காலங்காத்தால பெரிய பேஜாரா போச்சி. வாயும் சின்னது, ஸ்பூன் போனா தூளு வருதா, பாதி கீழதான் கொட்டுது.”

ஒன்பது வருடத்தில் அவள் செய்ததைப் பற்றி ஒருத்தர்கூட இப்படிக் குறை சொன்னதில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து, மூடி, திருகு, வாய் என்று வரிசையாக எழுதிக்கொண்டாள்.

“வேற இன்னாக்கா?” என்றாள்.