அழாத குரல்

"இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றேன்.

கேமராக்காரர் என்னை முறைத்தார். சவுண்டுக்காக ரீடேக் கேட்கவே கூடாது என்பது டைரக்டர் அண்ணன் என்னைச் சேர்த்த அன்றே போட்ட சட்டம். நான் கேட்டதோ, மகளைத் தீயில் பறிகொடுத்த ஒரு தாயிடம், அவர் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள்.

வேறு வழியில்லை. அவர் பேசியதில் ஒரு வார்த்தைகூடத் தேறவில்லை. கழுத்தோரம் நான் மாட்டியிருந்த மைக்கை, "ஃப்ரேம்ல பூச்சி ஒட்டின மாதிரி இருக்கு" என்று அண்ணன் கழற்றச் சொல்லியிருந்தார். கேமராவில் இருக்கும் மைக்கே போதுமாம். அது அறையின் மறுகோடியில் இருந்தது. ஹெட்போனில் மின்விசிறியும் ஃப்ரிட்ஜும்தான் பேசின. நடுவே எங்கோ அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார்.

"உனக்கு ஈவிரக்கமே கிடையாதா?" அண்ணன் பல்லைக் கடித்தார்.

"இவங்க பேசினது யாருக்கும் கேக்காதுண்ணே."

"சவுண்டு இன்ஜினியர் சவுண்டு விட ஆரம்பிச்சாச்சு" என்றார் கேமராக்காரர்.

அந்த அம்மா மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தார். "சொல்றேன் பாப்பா. கேக்கலேன்னா அப்புறம் எதுக்குச் சொல்றது?"

ஃப்ரிட்ஜையும் விசிறியையும் நிறுத்தினேன். தெருச் சத்தத்துக்கு ஜன்னலை மூட ஒரு போர்வை கேட்டேன். மடித்து வைத்திருந்த ஒன்றை எடுத்துவந்தார். "அவளுதுதான். பரவால்ல, மாட்டு." மாட்டினேன். மைக்கை மறுபடி அவர் கழுத்தோரம் வைத்தபோது, அவர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.

இந்த முறை அவர் அழவில்லை.

"தையல் கம்பெனி விடுதி. பொண்ணுங்க வெளிய சுத்திடக் கூடாதுன்னு தினமும் வெளிப்பக்கம் பூட்டிடுவாங்க. தீப்பிடிச்சப்ப எம்பொண்ணு போன் பண்ணினா. 'சாவி யார்கிட்ட இருக்குன்னு கேளும்மா'ன்னா. நான் இங்க இருந்துக்கிட்டு யாருகிட்ட போய்க் கேப்பேன்?"

அவ்வளவுதான் சொன்னார்.

"கேட்டுச்சா பாப்பா?"

"எல்லாமே கேட்டுச்சும்மா."

"படத்துல இது வருமில்ல?"

"வரும்மா" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

மறுநாள் எடிட்டிங் அறையில் அண்ணன் முதல் தடவை எடுத்ததைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். திரை முழுக்கக் கண்ணீர்.

"இதுல குரலே இல்லையேண்ணே. ரெண்டாவது பேசினதைப் போட்டு, மேல அவங்க கை, அந்த வீடு, போர்வைன்னு படத்தை ஓட்டலாம். உதடு சேரணும்னு அவசியமே இல்ல."

"அழாத குரலை எவன் உக்காந்து கேப்பான்? செத்த பொண்ணுங்க குடும்பங்களுக்கு உதவி கேட்டுத்தான் ஒரு தர்ம சங்கம் இதை எடுக்கச் சொல்லியிருக்கு. பூட்டு, சாவின்னு ஆரம்பிச்சா கேஸு, கோர்ட்டுன்னு போயிடும். பாவம், அந்தம்மாவுக்கும்தான் அலைச்சல்."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

"அப்ப குரலுக்கு?"

"நீயே பேசிடு. உதட்டைப் பாத்து நாலு வரி, நடுவுல கொஞ்சம் விசும்பல். பட்டம் வாங்கியும் உனக்கு அந்த இழுவை போகல பாரு, அந்தம்மா பேச்சு அப்படியே வருது."

என் அம்மா மெஷின் இரைச்சலில் வேலை பார்த்துப் பார்த்து, வீட்டிலும் கத்தி, இழுத்துத்தான் பேசுவாள். அவளிடமிருந்து வந்தது இந்த இழுவை. கல்லூரியில் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். வாயைத் திறக்கவே கூசி ஒரு வருடம் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். இப்போது அதே இழுவை இன்னொரு அம்மாவின் வாயை அடைக்க வேண்டுமாம்.

"முடியாதுண்ணே."

"இதென்ன வீம்பு? பழைய ஆளுன்னுதான் பொறுமையா சொல்றேன்."

ஹெட்போனைக் கழற்றி அவர் மேசையில் வைத்தேன்.

"எங்க கிளம்பிட்ட?"

"அந்தம்மாகிட்ட. நீங்க என்ன போடப்போறீங்கன்னு அவங்களுக்குத் தெரியணும். வேணாம்னா வேணாம்னு அவங்களே சொல்லட்டும்."

"இப்ப போனேன்னா இந்தப் பக்கமே வராத."

"வரலண்ணே."

பஞ்சு ஒட்டிய கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. படியிறங்கும்போது அந்த அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். மகள் செத்ததை உங்களை ரெண்டு தடவை சொல்ல வெச்சேம்மா என்பதைத் தாண்டி ஒரு வார்த்தையும் வரவில்லை. அதையே சொல்லிவிடலாம் என்று பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.