முழங்கால் தண்ணி

பூபதி மைக்கை நீட்டியதும் காசியம்மாளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயமில்லை. சேற்றில் தடவும் கைக்குள் பெரிய இறால் ஒன்று துள்ளி வந்து சிக்கும்போது வருகிற படபடப்பு. சென்னையிலிருந்து ஒரு சட்டக் கல்லூரியே கிளம்பி வந்து, பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் மாநாடு நடத்துகிறது. ஏரியில் யாருக்கெல்லாம் உரிமை என்பதுதான் பேச்சு. மேடையில் ஓய்வுபெற்ற நீதிபதி உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் தீர்மானம் எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பப் போகிறார்கள். அதில் அவளுக்கு ஒரு வரி வேண்டும். வலைக்காரர்களுக்குப் பாடு உண்டு. இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு அந்த ஊர் என்று முறைவைத்து வலை போடுவார்கள். கையால் இறால் பிடிக்கிறவர்களுக்கு எந்த நாளும் முறை கிடையாது. போன வாரம்கூட அவளைத் தண்ணீரிலிருந்து விரட்டினார்கள்.

"தைரியமா பேசுங்கம்மா," என்றான் சட்டம் படிக்கிற பூபதி.

சபைக்கு ஒரு கும்பிடு போட நினைத்தாள். அதற்கு இரண்டு கையும் வேண்டுமே. யோசிக்காமல் மைக்கைப் பல்லில் கவ்விக்கொண்டு கும்பிட்டாள். ஒலிபெருக்கி கறகறவென்று அலற, மண்டபமே சிரித்தது.

"அடியே, அது பறி இல்லடி! கடிச்சித் துன்னுடாத!" பின்வரிசையிலிருந்து அவள் கூட்டாளி நாகம்மாள் கத்தினாள்.

காசியம்மாளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மைக்கை முந்தானையில் துடைத்தாள்.

"கோச்சிக்காதீங்க சார். ஏரியில ரெண்டு கையும் சேத்துக்குள்ள இருக்கும். எறா போடுற ஓலைப்பறி வாயில தொங்கும். பல்லைத் தொறந்தா அன்னிக்கிப் பொழப்பு போச்சு. அதான் யாரு வெரட்டுனாலும் ஒரு வார்த்த பேசாம கரையேறிடுவோம். இன்னிக்கி வாயி சும்மா கீது. பேசிடறேன்."

சிரிப்பு அடங்கியது.

"ஆழத்த அவங்களே வச்சிக்கட்டும். முழங்கால் தண்ணி எங்களுக்குனு எழுதுங்க. எந்த ஊரு பாடா இருந்தாலும் சரி."

முன்வரிசையில் வலைக்காரர் கோதண்டம் எழுந்தார். "இன்னாம்மா, நீ பாட்டுக்குக் கேக்குற? அந்தத் தண்ணியிலதான் நாங்க வலைக்குக் கழி நட்றோம். அத்தையும் குடுத்துட்டு எங்க போறது?"

விறுவிறுவென்று மேடையேறி மைக்கைப் பிடித்தார். அவள் விடவில்லை.

"இருண்ணா, நான் இன்னும் முடிக்கல."

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்மா."

நீதிபதியின் பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது. ஒரே மைக்கில் இரண்டு பேர் கை. இருவரும் மூச்சு வாங்குவதை ஒலிபெருக்கி வாங்கி, தெருவைத் தாண்டி, ஏரி வரைக்கும் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.