ஆணி இருக்கும் உயரம்

1

ஒரு விசாரணை அறிக்கையைத் தட்டச்சு செய்தபோது கிடைத்த கதை இது. அறிக்கையில் ஆணியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் கதையாக எழுதுகிறேன். (வேறு மாதிரி எழுதத் துணிச்சல் இல்லை என்பதுதான் நிஜம்.)

முதல் வரி ‘தெட்சிணாமூர்த்தி கெட்டவர்’ என்றிருந்தது. அதை அடித்து நீக்கிவிட்டேன். அடுத்தது, ‘கோட்டுச்சேரிக்குக் கிழக்கே, வாய்க்கால் கடலில் விழுவதற்குச் சற்று முன்னால்...’ வரைபடம் மாதிரி இருக்கிறது. ஆனால் மதகு அங்கேதான் இருக்கிறது.

2

வயலில் நிற்கும் மழைத்தண்ணீரைக் கடலுக்கு வடிப்பது அந்த மதகின் வேலை. சுவரின் இரண்டு பக்கமும் தண்ணீரின் உயரம் பார்க்க அடிக்கணக்கு எழுதியிருக்கும். உள்பக்கத் தண்ணீர் கடல் பக்கத்தைவிட உயரமாக இருந்தால்தான் மதகை அடைத்திருக்கும் பலகையைத் தூக்க வேண்டும். மாறிப்போனால் உப்புத்தண்ணீர் வயலுக்குள் வந்துவிடும்.

சுவரைப் பூசி மறுபடி எழுதியவர்கள் கடல் பக்க எண்களை அரையடி மேலே தள்ளி எழுதிவிட்டார்கள். கடல் இருப்பதைவிடத் தாழ்வாகத் தெரியும். இது மதகுக் காவலர் தெட்சிணாமூர்த்திக்கு மட்டும் தெரியும். அவரே சரியான நாலடியில் ஓர் ஆணி அடித்து வைத்திருந்தார். தினக்கூலியாகக் கூடவே நின்ற சந்திரலேகாவுக்குக் காட்டவில்லை. ஆணியைக் குனிந்து பார்க்க வேண்டிய நேரத்தில், கிரீஸ் டப்பா எடுத்துவர அவளை அனுப்பிவிடுவார். தன் லீவு நாளில் மதகு தடுமாறினால் அவருக்குச் சாப்பாடு கூடுதலாக இறங்கும்.

(இந்த இடத்தில் அவருக்குத் துயரமான பிள்ளைப்பருவம் ஒன்று கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

3

கார்த்திகை, மூன்று நாள் அடைமழை. அம்பகரத்தூரில் மச்சினன் வீட்டு விசேஷம். பந்தியில் அவர் உட்கார்ந்திருந்தபோது சந்திரலேகாவிடமிருந்து போன் வந்தது.

“அண்ணே, உள்ள நாலு, கடல் பக்கம் மூணேமுக்கால் காட்டுது. தூக்கிடலாமாண்ணே?”

அப்படியென்றால் நிஜத்தில் கடல் நாலேகால், உள்பக்கத்தைவிட உயரம். ஆணி என்ற சொல் அவர் வாய்வரை வந்தது. சொல்லிவிட்டால் நாளைக்கு யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். சந்திரலேகாவின் ஆறு வருடக் காத்திருப்பு முடிந்து, அந்த மாதம் நிரந்தர உத்தரவு வர இருந்ததும் அவருக்குத் தெரியும்.

“எழுதியிருக்கறதப் பாத்து செய்யுங்க,” என்றார்.

பிறகு இலையில் ரசம் வாங்கினார். [ரசம் நான் சேர்த்தது.]

மூன்று பலகைகளையும் கைச்சக்கரம் சுற்றித் தூக்க ஒரு மணி நேரம். தண்ணீர் உள்ளே திரும்புவதைப் பார்த்து, அழுதுகொண்டே அவள் இறக்கி முடிப்பதற்குள் கடல் ஏறிவிட்டது. நாற்பது ஏக்கர் சம்பா கருகியது. சந்திரலேகாவை வேலையை விட்டு நிறுத்திவைத்தார்கள்.

4

முடிவு ஒன்று: விசாரணையில் தெட்சிணாமூர்த்தி எழுந்து நின்று... இல்லை, எழவில்லை.

முடிவு இரண்டு: சந்திரலேகாவே ஆணியைக் கண்டுபிடிக்கிறாள். ஆனால் அவளை மதகுப் பக்கமே விடுவதில்லை.

நடந்தது இது. விசாரணை முடிந்ததும் வாசலில் தெட்சிணாமூர்த்தி என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: “அளவு தப்புன்னு மூணு வருஷம் முன்னாடியே எழுதிக் குடுத்தேனே தம்பி. அந்தக் காயிதம் எங்க?”*

* அடிக்குறிப்பு: அலுவலகத்தில் அதை வாங்கியவன் நான். மேலே அனுப்பவில்லை, சோம்பல்தான். பதில் வராமல் போன பிறகுதான் அவர் ஆணி அடித்தார், வாயையும் மூடிக்கொண்டார். அவருக்கு மட்டும் தெரியும் என்று இரண்டாம் பகுதியில் நான் எழுதியது பொய்.

5

காகிதம் என் மேசையின் கீழ் இழுப்பறையில், இந்தக் கதையின் அடியில் இருக்கிறது. வெளியே எடுத்தால் அவளுக்கு வேலை திரும்பும், எனக்குப் போகும். திங்கட்கிழமை அவளை நீக்கும் உத்தரவு தட்டச்சுக்கு வருகிறது.

முடிவை நான் எழுதப்போவதில்லை. தெரியாது என்று இனிமேல் சொல்ல முடியாதவர்கள் மூன்று பேர். அவர், நான், நீங்கள்.